நாற்பத்தொரு மீட்டர் ஆம்லெட்

ஜாக்ரெப் நகரில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் வேலை செய்யாத ஒரு செவ்வாய்க்கிழமை
யாகோடாவின் இடுப்பில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினேன்.
கண்டு என் கையில்.
திரும்பும் இடங்களிலெல்லாம் ஒரு நாற்காலி,
நூல் சுற்றிக்கொள்ள.

"வழக்கம்போல ஒரு ஆம்லெட் போடுங்கள்,
நான் இங்கே இல்லையென்று நினைத்துக்கொண்டு."
இடுப்பில் நூல் கட்டிய ஆளை
எப்படி இல்லையென்று நினைப்பது?
சிரித்தபடி முட்டை எடுக்கப் போனாள்.

முட்டை நடைவழியில்,
செருப்பு அலமாரியை ஒட்டி நிற்கும் குளிர்பெட்டியில்.
கிண்ணம் அடுப்புக்கு அந்தப் பக்கம்.
உப்புக்கு முக்காலி வேண்டும்:
அலமாரியை அடித்தவன் விட்டோமிர்,
ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு.
ஆணி அடிக்கையில் தன் கண்ணுக்கு நேராக அடித்துவிட்டான்.
இருபது வருஷமாக அவன் உயரத்துக்கு
வாடகை கட்டிவருகிறது அவள் தோள்பட்டை.

ஆம்லெட் தட்டுக்கு வந்தபோது
அறை முழுக்கச் சிலந்திக்கூடு.
அவிழ்த்து அளந்தேன். நாற்பத்தொரு மீட்டர்.
அதற்குள் ஆறிப் போயிருந்தது. பாதியை எனக்குத் தந்தாள்.

அதில் ஏழு மீட்டருக்கு எனக்குக் கணக்கு வரவில்லை.
ஜன்னலுக்கு நாலு முறை போயிருக்கிறாள்.
அங்கே அடுப்பில்லை, குழாயில்லை, கரண்டிகூட இல்லை.
"அங்கே என்ன வைத்திருக்கிறீர்கள்?"
"ஒன்றுமில்லை."

கீழே டிராம் திரும்பியது.
அந்தத் திருப்பத்தில் ஒரு மணி அடிப்பது விதி.
இரண்டு கேட்டது.
முள்கரண்டி நடுவழியில் நின்று,
பிறகு வாய்க்குப் போனது.
விட்டோமிர் ஓட்டுகிற வண்டி
எதுவென்று நான் கேட்கவில்லை.

அன்றிரவே வரைந்தேன்: ஜன்னலடியில் தொட்டி.
குழாய்க்காரர் ஸ்லாவ்கோ
மருத்துவர் மாதிரி விரலால் சுவரைத் தட்டினார்.
"தண்ணீர் ஏறுவது இந்தச் சுவரில், ஏழு மாடிக்கும்.
ஜன்னலில் தண்ணீர் வேண்டுமென்றால்
மழையிடம் கேளுங்கள்."

சரி, தொட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.
வெட்டுப்பலகை போகட்டும் ஜன்னலுக்கு.
அவள் முழங்கைக்கு ஒரு சாண் கீழே,
எண்பத்து மூன்று சென்டிமீட்டரில்,
வெப்பமூட்டி மூச்சுவிட ஒரு நீள இடைவெளியோடு.
எதிர்மூலையில் அவன் காபிக்கு நூற்றைந்து.

பலகைக் கடைக்காரர் முகம் சுளித்தார்:
"எல்லா வீட்டிலும் தொண்ணூறு."
தொண்ணூறு என்பது யாருடைய முழங்கை?
அவரும் எழுந்து நின்று அளந்து பார்த்தார்.
அவருடையதும் இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே நூலோடு போனேன்.
குளிர்பெட்டி இப்போது கைக்கெட்டும் தூரம்,
உப்பு ஜன்னல் விளிம்பில்,
கத்தி, பலகை, வாணலி எல்லாம்
ஒரே விருந்துக்கு வந்த உறவினர் மாதிரி பக்கத்தில் பக்கத்தில்.
ஆனாலும் அவள் கை ஒருமுறை
வெறும் சுவரை நோக்கி உயர்ந்தது,
பழைய அலமாரி இருந்த இடத்துக்கு.
"எனக்குத் தெரிகிறது," என்றாள், "கைக்குத் தெரியவில்லை."

முட்டையை உடைக்கும்வரை ஆறே மீட்டர்.
எனக்குத் தலைகால் புரியவில்லை.
கண்டைத் தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கையில் ஓட்டின் இரண்டு பாதிகளோடு
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் வரைபடத்தைப் பார்த்தேன்.
மசாலாவுக்குத் தனி இழுப்பறை,
மூடிகளுக்குத் தனி இழுப்பறை,
ரொட்டிக்கத்திக்குக்கூட ஒரு பொந்து வரைந்திருக்கிறேன்.
குப்பைத் தொட்டி எங்கேயும் இல்லை.

"நடைவழியில் வைத்திருக்கிறோம்,"
என்றாள் மெதுவாக, எனக்கு வலிக்காத மாதிரி,
"குளிர்பெட்டி இருந்த இடத்தில்."
நூலை இழுத்துக்கொண்டு போனாள்.
ஒரு நாற்காலி, இரண்டு நாற்காலி, கதவு.

அப்போது கீழே மணி.
இரண்டு.

ஓட்டைக்கூடப் போடாமல் திரும்பி ஓடினாள் ஜன்னலுக்கு.
நூல் விறைத்தது, நாற்காலி சாய்ந்தது,
கண்டு என் கையிலிருந்து குதித்து
மேசையடியில் உருண்டு போயிற்று.

மொத்தம் எத்தனை மீட்டர் என்று
தயவுசெய்து கேட்காதீர்கள்.